மெட்டு உச்சியில் ஒரு இழுப்பு

1. பாதி கனம்

தேனியில் இன்ஜின் ரீபோரிங் பட்டறையில் நான் சேர்ந்த புதிதில், கம்பத்திலிருந்து செல்வம் அண்ணன் ஒரு அலுமினிய இன்ஜின் ப்ளாக்கைத் தனியாளாய்த் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாத்தியாடா தம்பி? இரும்புன்னா ரெண்டு ஆளு வேணும். பந்தய ஜீப்புக்குன்னு கோயம்புத்தூர்ல வார்த்தது. இனி மெட்டுல நம்ம வண்டி பறக்கும்."

தினமும் காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களைக் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. அவர் மனைவி பேச்சியும் அதே ஜீப்பில் காயெடுக்கப் போவார். வண்டி நின்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ட்ரிப்பை வேறு ஜீப்புக்கு மாற்றிவிடுவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோவில் படித்ததை எல்லாம் சொன்னேன். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட அதிகம் விரியும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றினால் அரிக்கும், கூலன்ட்தான் ஊற்றணும். போல்ட் இறங்கும் திருகு மரை மென்மையானது. பிய்ந்தால் இங்கே சரிசெய்ய ஆளில்லை.

"பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி குறையா அடுக்குறியேடா!" என்று சிரித்தார்.

எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம். ப்ளாக்கின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மாட்டிய வண்டி முதல் லோடோடு மெட்டு ஏறியதும், உச்சியில் நிறுத்தி, சூட்டோடு ஹெட் போல்ட்டை இன்னொரு இழுப்பு இழுத்து இறுக்குவார்கள். இரும்பு அதைத் தாங்கும்.

புது ப்ளாக்கை மாட்டிக் கொடுத்தபோது சொன்னேன்: "அண்ணே, இதுக்கு அந்த இழுப்பு வேணாம். டார்க் ரென்ச் வச்சு அளந்து முறுக்கிருக்கேன். பழைய இரும்பு ப்ளாக்க மட்டும் பத்திரமா வச்சிருங்க."

"சரிடா சரிடா."

2. சுருள்

முதல் ட்ரிப் அன்றே அண்ணன் மெட்டு உச்சியிலிருந்த காயின் பாக்ஸ் போனில் கூப்பிட்டார். "தம்பி, தண்ணி பீச்சுதுடா."

பஸ் பிடித்துப் போனேன். பெண்கள் தூக்குவாளியோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்டின் மேலேயே ஸ்பானர் கிடந்தது, இன்னும் பலமாய் இழுக்கப் பிடியில் பைப் சொருகியபடி.

"நான் சொன்னேன், தம்பி இழுக்க வேணாம்னு சொல்லிருக்காப்லயேன்னு," என்றார் பேச்சியக்கா. "இத்தன வருசமா இழுக்குறேன், நீ பேசாம இருன்னுட்டாக."

"கை கேக்கலடா," என்றார் அண்ணன்.

போல்ட் விரலுக்கே கழன்று வந்தது. ப்ளாக்கின் மரை மொத்தமும் சுருளாக அதைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. துளையிலிருந்து முடி மாதிரி ஒரு விரிசல். பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் ஒரு உலோகம் இப்படி வெண்ணெயாய்ப் பிய்ந்து வருமென்று நான் நினைத்ததே இல்லை.

"பழைய ப்ளாக் இருக்குல்லண்ணே? அத மாட்டிட்டா ட்ரிப் தப்பிச்சுக்கும்."

அவர் பேச்சியக்காவைப் பார்த்தார்.

"எடைக்குப் போட்டுட்டாக," என்றார் அக்கா. "நேத்துத்தான்."

கம்பத்துக்கு இறங்கி இரும்புக்கடைக்கு ஓடினோம். வார்ப்படத்துக்கு அனுப்ப, சம்மட்டியால் அடித்து உடைத்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் ஒரு துண்டை எடுத்து, சிலிண்டர் சுவராக இருந்த பக்கத்தில் விரலை ஓட்டினார்.

"இன்னும் வழவழன்னு இருக்குடா."



3. இப்போது

ட்ரிப் கைமாறியது. புதிய ஜீப்பின் பின்சீட்டில் பேச்சியக்கா வேலைக்குப் போனார். கொஞ்ச நாளில் அண்ணனும் அதே சீட்டில் ஏறினார், காயெடுக்க.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். ஒரு பாகத்தின் குறையைப் பார்க்கும்போது, அது பழுதாகி வண்டி நிற்கும் இடத்தில் என்ன ஸ்பானர் கிடைக்கும், அதைப் பிடிக்கிற கைக்கு என்ன பழக்கம் என்றும் கேளுங்கள். நான் இப்போது அலுமினிய ப்ளாக் மாட்டினால், பழைய இரும்பு ப்ளாக்கைப் பட்டறையிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறேன். புதியது ஒரு மழைக்காலம் மெட்டு ஏறி இறங்கிய பிறகுதான் திருப்பிக் கொடுப்பேன்.