ஏலக்காய் போடாத பால்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாங்கிய வீடு மிகப் பழையது. உயரமான பலகை சீலிங்கைப் பார்த்தே மயங்கிவிட்டேன். உள்ளே மட்டும் ஒரு மூத்திர நாற்றம்.

வீட்டைத் திருத்த வந்த மேசன் பாஸ் சொன்னார்: "நோனா, பெயின்ற் அடிக்க முந்தி சீலிங்கைக் கழட்டிப் பாப்பம்."

குடிபுகக் குறித்த நாள் நெருங்கிவிட்டது. "பழைய வீட்டு மணம்தான் பாஸ். மேலால அடிச்சு விடுங்கோ" என்றேன். நாற்றத்துக்குத் தினமும் சாம்பிராணி போட்டேன்.

குடிபுகுந்த அன்று பால் காய்ச்ச ஹோலின் நடுவே அடுப்பு மூட்டினோம். புகை மேலே போனதும் பலகைக்குள் சடசடவென்று சத்தம். எலியாக்கும் என்று விட்டுவிட்டேன். பால் பொங்கியது. முதல் கப்பை மாமிக்குக் கொடுத்தேன். அவர் எதையோ மென்றபடி, "ஏலக்காய் நல்லாப் போட்டிருக்கிறாய், பிள்ளை" என்றார்.

நான் ஏலக்காய் போடவேயில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். பலகை இடுக்குகளிலிருந்து கறுப்பு மணிகள் பானைக்குள் உதிர்ந்துகொண்டிருந்தன.

அடுத்த நாள் பாஸ் சீலிங்கைக் கழற்றி, வௌவால் எச்சத்தைச் சாக்குச் சாக்காக இறக்கினார். அந்தக் கண்றாவிக்குத்தான் நான் தினமும் சாம்பிராணி காட்டியிருக்கிறேன்! நல்லவேளை, யாருக்கும் நோய் வரவில்லை.

இப்போது வீட்டில் எங்கே நாறினாலும் முதலில் ஏணியைத்தான் எடுக்கிறேன். சாம்பிராணி மணக்கும் புது வீடுகளில் பால் குடிப்பதேயில்லை.

மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தப் பாலின் ருசி பிறகு வரவேயில்லை என்று குறைப்படுகிறார்.