பனிக்குள் கதவைத் திறந்தது யார்?

போன தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. ஹல்துமுல்லைப் பக்கம் மாமனார் வீடு இருக்கும் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் எங்கள் காருக்குப் பூசை போட்டுவிட்டு, பின்னேரம் பதுளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான், மனைவி, நாலு வயது மகள்.

அது சாவியைத் திருகத் தேவையில்லாத கார். சாவி பக்கத்தில் வந்தாலே கதவு திறந்து, பக்கக் கண்ணாடிகள் விரியும். சாவி தள்ளிப் போனால் 'பீப்' என்று பூட்டிக் கண்ணாடியை மடக்கிக்கொள்ளும். சாமி காலடியில் வைத்த சாவியைப் பூசாரி மஞ்சள் கயிற்றில் கட்டிக் கொடுத்தார். மகள் அதைச் சங்கிலி என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு, கழற்றவே மாட்டேன் என்று ஒரே அடம். காருக்குள்தானே இருக்கிறாள், போட்டுக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாதி வழியில் மூடுபனி இறங்கியது. வளைவுகளில் மனைவிக்குக் குமட்ட, ஓரமாக நிறுத்தினேன். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கட்டைச் சுவர், அதற்கப்பால் கிடுகிடு பள்ளம். சற்றுத் தள்ளி மனைவியின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது 'பீப்' கேட்டது. ஓடி வந்து பார்த்தேன். கார் பூட்டியிருந்தது. பின் சீட்டில் பிள்ளை இல்லை.

"பாப்பா! பாப்பா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு தேயிலைப் பக்கம் ஓடினேன். என் குரல்தான் மலையில் முட்டி, யாரோ என்னைப் போலவே பேசிக்காட்டுவதுபோலத் திரும்பி வந்தது.

அப்போது 'டக்'கென்று சத்தம். கார் திறந்தது. கண்ணாடிகள் மெல்ல விரிந்தன. பக்கத்தில் ஒருவரும் இல்லை. பாப்பா என்று கத்தினேன். உடனே பீப், மடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி விரிந்தது. நான் கூப்பிட்டதும் மறுபடி மடங்கியது. பூசையில் ஏதும் குறை வைத்துவிட்டோமா என்றுகூட நினைத்தேன்.

மனைவிதான் என் வாயைப் பொத்தினாள்.

"ஐயோ கத்தாதீங்க! நீங்க கூப்புட்டாத்தான் அவ தள்ளிப் போறா. பனிக்குள்ள முனி வந்து, அப்பா கொரல்லயே கூப்புடும், புடிச்சிட்டுப் போயிரும்னு என் தங்கச்சி சோறு ஊட்டுறப்ப சொல்லி வச்சிருக்கா!"

மூச்சுவிடவும் பயந்து அப்படியே நின்றோம். கத்தாமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணாடிகள் மறுபடி விரிந்தன. ஓசையில்லாமல் ஊர்ந்து போய்ச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். சுவருக்கு வெளியே, ஒரு முழ அகலப் புல்லில் குந்தியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. சட்டையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

என் மீசையைத் தடவிப் பார்த்தாள். "நெசமா அப்பாவா?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். ஒண்ணுக்குப் போக இறங்கினாளாம். முனி கூப்பிட்டதும் சுவரேறி ஒளிந்துகொண்டாளாம்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டுவதில்லை. ஆனாலும் பனி இறங்கும் பின்னேரங்களில் அவளைக் கூப்பிட வாயெடுத்தால், அன்று இன்னும் ஒரு தரம் கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்து, என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.