தூதனுக்கு இரண்டு மதிப்பெண்

பிலோமினாள் மிஸ் நாடகம் நடத்த வரும்போது பாடப் புத்தகத்துக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கும். ஆனையூர் வீட்டில் காலைக் காப்பியோடு பேப்பர் படிக்கும்போதே பக்கத்தில் கத்தரிக்கோல் வைத்துக்கொள்வார். கணவர் இருந்தவரை இரண்டாம் ஆளாகத்தான் என் கைக்குப் பேப்பர் வரும், இப்போது முதல் ஆள் நான்தான் என்று சிரிக்காமல் சொல்வார். மதுரையைச் சுற்றி நடந்த ஏதாவது ஒரு துயரத்தை வெட்டி எடுத்துவந்து வாசித்துவிட்டுக் கேட்பார்: இந்த மனிதனின் குறை எது? எந்த இடத்தில் அவன் திரும்பியிருக்கலாம்?

எங்கள் பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். அவர்களுக்கு இந்த வழி பிடித்திருந்தது. கிளம்பும் முன்பே பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் முனகிய ஒரு பஸ் விபத்துச் செய்தியை வைத்து முன்னுணர்த்தலைப் படித்தவர்கள் பரீட்சையில் அதை மறக்கவில்லை. நானும் அவரிடம் அப்படிப் படித்தவள்தான். அதே துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நடத்தும் முறையைப் பழகிக்கொள்ள அவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

இரண்டாம் ஆண்டுக்கு ஒரு பழைய துன்பியல் நாடகம். கோட்டைத் தளபதி ஒருவன், இருட்டில் வருவது எதிரிப் படை என்று எண்ணி அம்பு விடச் சொல்கிறான். வந்தவன் அவனுடைய தம்பி. தம்பி வருவதைச் சொல்லப் புறப்பட்ட தூதன், எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்கிறான். தளபதியின் குணச்சித்திரம் பத்து மதிப்பெண் கேள்வி. தூதன் இரண்டு மதிப்பெண்.

"தூதனுக்குப் பேரும் கெடையாது, குணமும் கெடையாது. சேதி கொண்டு வர்றதுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான்" என்று மிஸ் முதல் வகுப்பிலேயே அவனை முடித்துவிட்டார்.

அன்று அவர் கொண்டுவந்த துண்டு அந்த நாடகத்துக்கென்றே அச்சிட்டது போல இருந்தது. விளாங்குடியைத் தாண்டி மேற்கே ஒரு கிராமம். நல்லகாமன் என்ற விவசாயி, கடலைக் காட்டில் பன்றி வராமலிருக்க மின்கம்பி கட்டியிருக்கிறார். விடிகாலையில் மடை மாற்றப் போன தம்பி ஜெயபாண்டி அதில் சிக்கி இறந்துவிட்டார். இருவருக்கும் முன்பகை. வேண்டுமென்றே தம்பியிடம் சொல்லாமல் விட்டாரா என்று போலீஸ் விசாரிக்கிறது. அண்ணன் சிறையில்.

"கம்பி கட்டியிருக்கிறது படிக்கிற நமக்குத் தெரியும். செத்தவனுக்கு மட்டும் தெரியாது. இதுக்கு என்ன பேரு? போன வாரம் நடத்துனேனே?"

'நாடக முரண்' என்ற பதிலை யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. வழக்கமாக ஆஷ்லின்தான் முதலில் வாயைத் திறப்பாள். "மிஸ், இந்த ஆளு அப்பிடியே எங்க ஹவுஸ் ஓனர்" என்பது மாதிரி ஏதாவது சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பாள். அன்று அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டையா? சரி, அவனோட குறை என்ன? முப்பத்தேழு, நீ சொல்லு."

மிஸ் வருகைப் பதிவையும் எண்ணை வைத்தே எடுப்பவர். முப்பத்தேழாம் எண் முனீஸ்வரி. சித்தப்பா இறந்துவிட்டார் என்று விடுப்பு எடுத்து அன்றுதான் திரும்பியிருந்தாள். எழுந்து நின்றாள்.

"கோவம், மிஸ்."

"யாருக்கு?"

"அவருக்கு."

"அவரா? கூடப் பொறந்தவனைக் கொன்னுட்டு உக்காந்திருக்கான். அவனுக்கு என்னம்மா அம்புட்டு மரியாதை?"

"எங்கப்பா, மிஸ்."

அறையில் அதுவரை தெரியாமல் இருந்தவர்கள் மிஸ்ஸும் நானும்தான். முனீஸ்வரி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மிஸ் அந்தத் துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. துறை உதவியாளர் இருளாயி அக்காவுக்கும் அந்தப் பக்கம்தான் ஊர். "டீச்சர், அந்தப் புள்ள டீசி வாங்கப் போகுதாம். ஆத்தாகாரி அழுதுக்கிட்டிருக்கா" என்று வந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மிஸ் எனக்கு போன் செய்தார். "தனியாப் போகப் பயமா இருக்கு, வர்றியா?" அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முனீஸ்வரியின் ஊரில் ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு வீடுகள். ஒன்று திறந்திருந்தது. மற்றது சித்தப்பா வீடு, கதவு சாத்தியிருந்தது. முனீஸ்வரியின் அம்மா எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, "அவ பின்னாடி இருக்கா, நீங்களே கேளுங்க. எங்கிட்ட வாயே தெறக்க மாட்டேங்குறா" என்றார்.

அவள் துவைகல் பக்கம் நின்றிருந்தாள். மிஸ் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பைப் பாதிகூடச் சொல்லவில்லை, அவள் குறுக்கிட்டாள்.

"நீங்க சொன்னதுக்காக நான் வராம இல்ல மிஸ். நீங்க கேட்டதுக்குத் தப்பாப் பதில் சொன்னேன். அதான்."

பிறகு சொன்னாள். சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் போனிலேயே சொல்லிவிட்டார்கள் என்று தொடங்கிய வருத்தம். நாலைந்து வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. சின்ன விஷயம் என்றால் ஆட்டுக்குட்டியைப் பார்த்துச் சொல்வார்கள்: "ஏ ஆட்டுக்குட்டி, இன்னைக்கு மோட்டார் எங்க முறைல்ல?" சுவருக்கு அந்தப் பக்கம் காது கேட்கும். பெரிய விஷயம் என்றால் முனீஸ்வரி போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டிலும் அவளை மட்டும் யாரும் தடுத்ததில்லை.

"அன்னைக்குச் சாயந்தரம் அப்பா கம்பியக் கட்டிட்டு வந்து, 'ஆத்தா, சித்தப்பன்ட்ட சொல்லிரு, வெள்ளனக் காட்டுப் பக்கம் வரவேணாம்னு' சொன்னாரு. இந்தா போறேன்னேன். மறுநாள் இன்டர்னல். தளபதி கேரக்டர் ஸ்கெட்ச்ச மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன். இன்னும் ஒரு பாராவ முடிச்சிட்டுப் போவோம்னு…"

அந்தத் தேர்வை வைத்தவர் பிலோமினாள் மிஸ். அவர் கேட்டார்:

"அப்பா போலீஸ்ல என்ன சொன்னாரு?"

"யார்ட்டயும் சொல்லிவிடலன்னு சொல்லிட்டாரு. ஜெயில்ல பாக்கப் போனப்ப, 'நீ படிக்கிற புள்ள, வாயத் தெறக்காத'ன்னாரு. நான் சொன்னா அவரு மேல கொலைக் கேசு நிக்காதுன்னு வக்கீல் சொல்லுவாரோ என்னமோ. ஆனா சொன்னா சித்திக்குத் தெரிஞ்சுரும் மிஸ். அந்த வீட்டுல எனக்குத்தேன் மொதச் சோறு போடுவாக."

திரும்பியிருக்கக்கூடிய இடம் எது என்று எத்தனையோ பேரிடம் கேட்டவர் மிஸ். இவளிடம் அதைக் கேட்கவில்லை.

"அந்தத் தூதனுக்குப் பெறகு என்ன ஆகும் மிஸ்?" என்று முனீஸ்வரி கேட்டாள். "கைடுல இல்ல."

"நாடகத்துல அதுக்கப்புறம் அவன் வரமாட்டான்மா. சேதியச் சொல்லிட்டுப் போயிருவான். எங்க போறான்னு எழுதல. நானும் இத்தனை வருஷத்துல அதக் கேட்டதில்ல."

"நான் போக எடம் இந்தச் செவத்துக்கு அங்கிட்டுத்தானே மிஸ் இருக்கு."

"உன்னைச் சொல்லுன்னோ, சொல்லாதன்னோ சொல்ல எனக்குத் தெரியலம்மா. ஆனா வக்கீல்ட்ட சொல்றதா இருந்தா, அதுக்கு முன்னாடி உங்க சித்திக்குத் தெரியணும். பேப்பர்ல படிச்சு அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

முனீஸ்வரி முகத்தைக் கழுவிக்கொண்டாள். தாவணி முனையால் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். அவள் அம்மா, "எங்கடி போற? அங்கிட்டுப் போகாத, அவுக ஒன்னையச் சேக்க மாட்டாக" என்று எழுந்தார். மிஸ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

சாத்தியிருந்த கதவை முனீஸ்வரி தட்டினாள். மறுபடி தட்டினாள். கதவு ஒரு சாண் திறந்தது. பொட்டில்லாத நெற்றியோடு அவள் சித்தி நின்றிருந்தார். முனீஸ்வரியைப் பார்க்கவில்லை. வாசல் முளையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைப் பார்த்தார்.

"ஏ ஆட்டுக்குட்டி, என்னத்துக்கு வந்துருக்காகன்னு கேளு."

இத்தனை நாள் சேதி கொண்டுபோனவளிடமே ஆட்டுக்குட்டி வழியாகப் பேசுகிறார் என்றால் அவளுக்கும் அந்த வாசல் மூடியாயிற்று என்றுதான் அர்த்தம்.

"சித்தி, அப்பா சொல்லிவிட்டாரு. நாந்தேன் வந்து சொல்லல."

ஆட்டுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு இரண்டு முறை கத்தியது. பிறகு அந்தப் பெண் முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

"அன்னைக்குச் சாயந்தரம் எங்கடி இருந்த?"

"வீட்டுலதேன் சித்தி. படிச்சுக்கிட்டிருந்தேன்."

"என்னத்தப் படிச்ச?"

எனக்குப் பக்கத்தில் பிலோமினாள் மிஸ் தலை குனிந்து நின்றார். முனீஸ்வரி நாடகத்தின் முதல் காட்சியிலிருந்து சித்திக்குச் சொல்லத் தொடங்கினாள்.