இரண்டு முதல் மூன்று வரை: அஞ்சலை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாட்சியில் மூத்திரம் என்ற வார்த்தை வரும். சபையில் இதைச் சொன்ன அன்று சில பேர் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். பன்னிரண்டு நாள் இரவும் பகலும் நான் தேவனிடம் கேட்டது அதை மட்டும்தான். கேட்டதை ஒளித்துவிட்டு, கிடைத்ததற்கு மட்டும் ஸ்தோத்திரம் சொல்ல எனக்குத் தெரியாது.

என் பெயர் எஸ்தர் பொன்மணி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். கலியாணமாகி ராயபுரத்துக்கு வந்து முப்பது வருஷமாகிறது. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் வீடு. என் வீட்டுக்காரருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடு வியாபாரம். எங்கள் சபையும் ராயபுரத்திலேயேதான். அங்கே பாதிப் பேர் எங்களைப் போலத் தெற்கேயிருந்து கடை வைக்க வந்தவர்கள்.

போன வருஷம் நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மழை. டிரெய்லரிலிருந்து தகடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். "சரக்கு இறங்கும்போது பக்கத்தில் நிற்காதீங்கடே" என்று இருபத்தைந்து வருஷமாக ஆட்களைத் திட்டிக்கொண்டிருக்கிற மனுஷன், அன்று தானே போய் நின்றார். அடியில் வைத்திருந்த கட்டை ஈரத்தில் வழுக்கியது. தகடுகள் சரிந்தன. இரண்டு தொடைகளும் அதற்கு அடியில். கிரேன் வந்து தூக்குவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

எலும்பு முறிந்ததைப் பற்றி டாக்டர் அதிகம் கவலைப்படவில்லை. "நசுங்கின சதையிலிருந்து வருகிற விஷம் கிட்னியை அடைத்துவிட்டது. மூத்திரம் நின்றுவிட்டது. டயாலிசிஸ் செய்வோம், பார்ப்போம்" என்றார். அந்தப் "பார்ப்போம்" என்ற சொல்லை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நான்காம் நாள் பார்ப்போம். ஏழாம் நாள் பார்ப்போம். பத்தாம் நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. "ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது அம்மா. இனி கிட்னி தானாக வேலை செய்ய ஆரம்பித்தால்தான் நம்பிக்கை" என்றார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்தேன். வறண்டு கிடந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து தேவனோடு சண்டை போட்டேன். "உடன்படிக்கையின் தேவன் என்று உமக்குப் பெயர். வாக்குக் கொடுத்தது நீர். இந்த மனுஷன் ஒரு ஞாயிறாவது ஆலயத்துக்கு வராமல் இருந்தாரா? ஒரு தரித்திரனையாவது கடையிலிருந்து விரட்டினாரா? இப்போது நீர் எங்கே?" என்று கேட்டேன். இப்படியெல்லாம் கேட்கலாமா என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எரிகிற வயிறு மரியாதை பார்க்காது.

எங்கள் போதகர் பார்க்க வந்தார். வாய் அதிகம் பேசாத மனுஷன். "அம்மா, சாலொமோன் ராஜா ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணின நாளில் செய்த ஜெபத்தை வாசியுங்கள். உடன்படிக்கையைச் சொல்லி எப்படிக் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது" என்று மட்டும் சொல்லிப் போனார்.

வாசித்தேன். அந்தப் பெரிய ஆலயத்துக்குள் உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த நாள் அது. பெட்டிக்குள் இரண்டு கற்பலகைகளைத் தவிர ஒன்றுமில்லை. ராஜா பலிபீடத்துக்கு முன்னால் கைகளை விரித்து நிற்கிறார். வானமே உமக்குப் போதாது, நான் கட்டின வீடு எம்மாத்திரம் என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மழை இல்லாமல் போனால் கேளும். பஞ்சம் வந்தால் கேளும். வியாதி வந்தால் கேளும். வியாதி என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கொஞ்சம் கீழே, உம்முடைய ஜனமல்லாத அந்நியன் வந்து இந்த வீட்டைப் பார்த்து ஜெபித்தால் என்று ஒரு பகுதி வருகிறது. அது நமக்கில்லை என்று தாண்டிப் போய்விட்டேன். நாம்தான் சொந்த ஜனமாயிற்றே!

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. சபையில் எங்களுக்காகச் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, பன்னிரண்டு குடும்பங்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் எழுந்திருக்கும்போது அடுத்தவர் உட்கார்ந்துவிட வேண்டும், இடையில் இடம் காலியாக இருக்கக் கூடாது. வாசலில் அட்டவணை ஒட்டியிருந்தார்கள். முதல் மணி நேரம் சபைச் செயலாளர் ஞானராஜ் அண்ணாச்சி. அவரைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் காரமாகப் பேசப் போகிறேன். அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். மூட்டு வலியோடு அந்த ஒரு மணி நேரமும் முழங்காலிலேயே நின்றார். இரண்டு முதல் மூன்று வரை என் முறை.

நான் ஒன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முந்தின முறைக்காரர் முடித்து எழுந்து போனார். நான் தலைகுனிந்ததுதான் தாமதம், ஆஸ்பத்திரியிலிருந்து போன். டயாலிசிஸுக்காகக் கழுத்தில் போட்டிருந்த குழாய் அடைத்துக்கொண்டதாம். உடனே வேறு போட வேண்டும், கையெழுத்துப் போட வாருங்கள் என்றார்கள். ஆலயத்தில் வேறு யாருமில்லை. பெருக்கிக்கொண்டிருந்த ஆலயப் பணியாளர் தாசனிடம், "யாரையாவது உட்காரவை தம்பி" என்று கத்திவிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன்.

இனி நடந்தது தாசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அஞ்சலை யார் என்று சொல்ல வேண்டும்.

அஞ்சலை மீன் விற்கிறவள். காசிமேட்டுப் பக்கத்துக் குப்பத்துக்காரி. புருஷன் கடலுக்குப் போகிறவர். பதினாலு வருஷமாக என் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறாள். நான் சீலா என்பேன், அவள் "வஞ்சிரம்னு சொல்லுக்கா, இது மெட்ராசு" என்பாள். அந்தப் பதினாலு வருஷமும் அவளைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துத்தான் மீன் வாங்கினேன். தண்ணீர் கேட்டால் கம்பி வழியாகக் கொடுத்தேன். ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை. அந்த வாரம் ஒரு நாள், "அண்ணனுக்கு எப்டி கீதுக்கா?" என்று கேட்டாள். எனக்கு இருந்த எரிச்சலில், "ஒண்ணுக்கு வரலை, அவ்வளவுதான்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன்.

சனிக்கிழமை மதியம் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்து, ஆலயத்துக்கு வந்திருக்கிறாள். கூடையை வாசலில் மரத்தடியில் வைத்தாள். குழாயில் கையும் காலும் முகமும் கழுவினாள். தாசன் அப்போதுதான் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் போனை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"யம்மா, நான் நாலு பேருக்குப் போன் போட்டேன், ஒருத்தரும் எடுக்கல. அந்தம்மா வந்து 'இன்னா நைனா, பேஜாரா நிக்கிற?'ன்னுச்சு. விசயத்த சொன்னேன். 'அக்கா குந்துற எடம் காலியா கீதா? நான் குந்துறேன்'னு நேரா போய் குந்திக்கிச்சு. நான் இன்னா பண்ணுவேன்?" என்றார் தாசன்.

அவள் சத்தமாகவே ஜெபித்திருக்கிறாள். தாசன் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"சாமி, எனுக்கு உன் பாட்டு தெரியாது. உன் பொஸ்தகம் படிக்கத் தெரியாது. எங்க வூட்டு தெய்வத்துக்கு வெளக்கு வெச்சிட்டுதான் வந்துகீறேன், உன்கிட்ட இன்னாத்துக்குப் பொய் சொல்லணும். இன்னிக்கு உன் வூட்டுக்கு வந்துட்டேன். வூட்டுக்கு வந்தவள வெறுங்கையோட அனுப்புவியா நீ? அண்ணனுக்கு ஒண்ணுக்கு வரணும். அவ்ளோதான். பெருசா இன்னா கேட்டுட்டேன்?"

இதையே மாற்றி மாற்றி ஒரு மணி நேரம். நடுவில் ஒரு தடவை அதட்டினாளாம். "காது கேக்குதா இல்லியா உனுக்கு?" மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் வந்ததும் எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீன் கெட்டுவிடுமாம்.

நான்கு மணிக்கு ஐ.சி.யூ. கதவைத் திறந்து சிஸ்டர் ஓடி வந்தாள். "அம்மா, வந்திருக்கு! கொஞ்சம்தான், ஆனா வந்திருக்கு!" என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். பையின் அடியில், பால் ஊற்றாத டீ நிறத்தில், அரை டம்ளர்கூட இருக்காது. நான் அந்தத் தரையிலேயே மண்டியிட்டேன். பன்னிரண்டு நாள் வராத அழுகை அப்போது வந்தது. டாக்டர் இப்போதும் "பார்ப்போம்" என்றுதான் சொன்னார், ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னார். திங்கட்கிழமை பை நிறைந்தது. அதற்கப்புறம் இரண்டு டயாலிசிஸ், அதோடு நிறுத்திவிட்டார்கள். காய்ச்சலும் இறங்கியது.

சனிக்கிழமை சாயங்காலமே தாசன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஞானராஜ் அண்ணாச்சி என்னை ஆலய அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். போதகரும் இருந்தார்.

"கர்த்தர் கிருபை செஞ்சிட்டாரு, சந்தோஷம் தாயி" என்றார் அண்ணாச்சி. "ஆனா நடுவில ஒரு மணி நேரம் சங்கிலி அறுந்து போச்சு பாத்தீங்களா? விசுவாசி இல்லாத ஆளு உக்காந்தது கணக்கில சேராது. வர்ற சனிக்கிழம இன்னொரு தடவ முறையா வச்சிருவோம். சபைப் பத்திரிகையிலயும் அந்த மீன்காரி விஷயம் வேண்டாம். கவுச்சி வாடையோட ஆலயத்துக்குள்ள..."

எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. "மீன் பிடிச்ச நம்ம சீஷர்கள் எல்லாம் சந்தனமா வித்தாங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன். அப்புறம் பையிலிருந்து வேதத்தை எடுத்தேன். முந்தின இரவு நான் தூங்கவில்லை. தாண்டிப் போன அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

"பாருங்க அண்ணாச்சி. சொந்த ஜனம் வந்து ஜெபிச்சா, அவங்க பாவத்த மன்னியும், அவங்கவங்க நடத்தைக்குத் தக்கதா செய்யும்னு ராஜா கேக்காரு. அந்நியன் வந்து ஜெபிச்சா என்ன கேக்காரு? அவன் கேக்குறதையெல்லாம் செய்யும்ங்காரு. ஒரு நிபந்தனையும் இல்ல. உடன்படிக்கைப் பெட்டிய உள்ள வச்ச அன்னிக்கே, அதே ஜெபத்துல, அவளுக்கும் இடம் போட்டு வச்சிருக்காரு. நான் சொந்தக்காரின்னு பன்னிரண்டு நாளு சண்ட போட்டேன். அவ விருந்தாளியா ஒரு மணி நேரம் கேட்டா."

"அது பழைய ஏற்பாட்டுக் காலத்து அந்நியன் தாயி. இஸ்ரவேலர் அல்லாதவன்."

"சரி. இஸ்ரவேல்ல நீங்க எந்தக் கோத்திரம் அண்ணாச்சி?"

நான் விடவில்லை. "யூதாவா? பென்யமீனா? எங்க தாத்தா பனை ஏறினவரு. உங்க தாத்தாவும் பக்கத்துப் பனை விளையிலதான் ஏறினாரு. நீங்களும் நானும் அந்நியன் வாசல் வழியா உள்ள வந்தவங்கதான். உள்ள வந்ததும் கதவச் சாத்துறதுக்கு நமக்கு யாரு சாவி கொடுத்தா?"

போதகர் என் கையிலிருந்த வேதத்தை வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, அந்த வசனம் அங்கேதான் இருக்கிறது. நான் எழுதவில்லை" என்றார். அந்தச் சனிக்கிழமை மறு ஜெபம் நடக்கவில்லை.

ஜனவரியில் என் வீட்டுக்காரர் வாக்கர் பிடித்து ஆலயத்துக்கு வந்தார். வலது கால் கொஞ்சம் குட்டைதான், ஆனாலும் நடக்கிறார். சாட்சி சொல்ல எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். அஞ்சலை வருகிற பகுதியைத் தவிர்க்கலாமே என்று ஞானராஜ் அண்ணாச்சி காதில் சொன்னார். நான் அந்தப் பகுதியை மட்டும் சொன்னேன். பின்வரிசையில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும், "இன்னாக்கா, மைக்ல போய் ஒண்ணுக்கு ஒண்ணுக்குன்னு மானத்த வாங்கிட்ட" என்று என்னைத் திட்டினாள்.

அவள் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாளா என்று கேட்கிறார்கள். இல்லை. அவள் வீட்டு விளக்கு அவள் வீட்டில் எரிகிறது. ஜெபத்துக்கு வந்த அந்நியனிடம் சாலொமோன் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் கொடுத்தவர் தேவன். அவருக்கும் அவளுக்கும் நடுவில் நான் யார்? எந்த மணி நேரத்து ஜெபத்துக்குப் பதில் வந்தது என்றும் எனக்குத் தெரியாது. முழங்கால் வலியோடு நின்றவருடைய ஜெபமாகவும் இருக்கலாம். பன்னிரண்டையும் சேர்த்தேதான் நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். பதினொன்று என்று எழுதச் சொன்னால் எழுத மாட்டேன்.

இப்போது அஞ்சலை கேட்டில் நிற்பதில்லை. உள்ளே வந்து மீனை ஆய்ந்து கொடுத்து, டீ குடித்துவிட்டுத்தான் போகிறாள். வந்த நாளிலிருந்து என் குழம்பைக் குறை சொல்லாத நாளில்லை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பை வறண்டு கிடக்கலாம். சோர்ந்துபோகாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் தாங்குவார். உங்களுக்காக ஜெபிக்க வருகிறவர் யார், எந்தத் தெரு, கையில் என்ன வாடை என்று மட்டும் பார்க்காதீர்கள். சொந்த ஜனத்துக்குச் செவிசாய்க்கிறவர் அந்நியனுக்கும் செவிசாய்க்கிறார். அவர் அப்படிச் செய்யாதிருந்தால் நம்மில் ஒருவரும் இன்று ஆலயத்துக்குள் உட்கார்ந்திருக்க மாட்டோம். அந்த வாசலைத் திறந்தவர் அவர். அதைப் பூட்ட யார் வந்தாலும், ராயபுரத்தில் முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.