பதினொரு வளையலும் ஒரு வால்யூம் நாப்பும்

வளைகாப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸுக்குப் போனேன். அண்ணனூரில் ரயில்வே ஷெட்டுக்குப் பின்னால், எங்கள் டிரம்மரின் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. நாற்காலியில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்து வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி பாதியிலேயே தேய்ந்து, சத்தமே இல்லாமல் செத்துப்போனது. வயர் லூஸ் என்று நினைத்து ஆட்டிப் பார்த்தேன்.

டிரம்மர் குச்சியை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தான். "யக்கா, வயர்லாம் நல்லாத்தான் கீது. உன் வளையலு சவுண்டைக் குறைச்சிக்கினு கீது."

பார்த்தால், ஆமாம். வலது கையில் பதினொன்று, இடது கையில் பத்து, எல்லாம் கண்ணாடி. ஏழாம் மாசம் ஊரே வந்து ஆளாளுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை கழற்றக் கூடாது. கை வீங்குமென்று ஒரு சைஸ் பெரிசாகவே வாங்கியிருந்தார்கள், அதனால் கை அசைந்தால் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்று போய் வால்யூம் நாப்பில் உரசி, அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பியிருந்தது.

எலக்ட்ரிக் கிடாரைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என்னுடையதில் கம்பிகளுக்குக் கீழே வரிசையாக மூன்று வெள்ளை நாப். மூன்றும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது வால்யூம், மற்ற இரண்டும் டோன், ஒலியின் தன்மையை மட்டும் மாற்றுவது. வால்யூம் நாப் கம்பிக்கு ஒட்டினாற்போல இருக்கும். புதிதாக வாசிப்பவர்களுக்கு அது தொல்லை, கை பட்டுப் பட்டுத் திரும்பிவிடும். எனக்கு அது உயிர். நான் வாசிக்கும்போதே சுண்டுவிரலை அதில் சுற்றி வைத்திருப்பேன். சத்தத்தை மூடி வைத்துக் கம்பியைத் தட்டி, அப்புறம் சுண்டுவிரலால் மெல்லத் திறந்தால், தட்டிய சத்தமே இல்லாமல் சுரம் எங்கிருந்தோ மிதந்து வரும். இதைப் பழக எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

அந்த மாசம் எங்கள் ஆபீஸ் ஆண்டு விழா. நாங்கள் நாலு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஆபீஸ். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு, நான். இத்தனை வருஷமும் சினிமாப் பாட்டுதான் வாசித்தோம். முதல்முறையாக ஒரு சொந்தப் பாட்டு போட்டிருந்தோம், அதன் ஆரம்பம் முழுக்க என்னுடையது. எட்டு வரி, சுண்டுவிரலால் திறந்து திறந்து மூடுவது. அந்த எட்டு வரியை மேடையில் ஒருதடவை நானே வாசித்துவிட்டுப் பிரசவத்துக்குப் போகணும். அவ்வளவுதான் கேட்டேன். பெரிய ஆசையா இது?

"கஷ்டப்படாதீங்க, கீபோர்டில் கிடார் சத்தம் இருக்கு. நான் வாசிச்சிடறேன்" என்றார் கீபோர்டுக்காரர். நல்ல மனுஷன்தான், அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் பொண்ணுக்குப் பதிலா போட்டோவையே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அன்றிலிருந்து போராட்டம். வயிறு கிடாரை ஒரு ஜாண் முன்னால் தள்ளிவிட்டது. கையை எட்டி நீட்டினால் வளையல் எல்லாம் சரிந்து மணிக்கட்டுக்கு வந்து கம்பிமேல் விழும், ஸ்பீக்கரில் கிரீச் என்று ஒரு சத்தம், பல் கூசும். நாப்பை டேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். அது அசையாமல் நின்றது, ஆனால் அசையாத நாப்பை வைத்துக்கொண்டு என் எட்டு வரியை எப்படி வாசிக்க? காலால் மிதிக்கும் வால்யூம் பெடல் ஒன்றை பேஸ்காரர் கொண்டுவந்தார். என் கால் அப்போது இட்லி மாதிரி உப்பியிருந்தது. கட்டைவிரலைத் தூக்கினால் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. அதுவும் போச்சு.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது, பாதி வழி. மணிக்கட்டை முழங்கையைவிட உயரத் தூக்கிக்கொண்டு வாசித்தால் வளையல் எல்லாம் பின்னால் ஓடி முழங்கைப் பக்கம் நின்றுகொள்ளும். பார்க்கக் கண்றாவியாக இருக்கும், தோள் விண்டுபோகும், ஆனால் மீதிப் பாட்டை அப்படியே வாசித்துவிட முடிந்தது. தினமும் ஆபீஸ் விட்டு வந்து ஒரு மணி நேரம் அதையே பழகினேன். கையை இறக்காதே, இறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. ஒரே குறை, அப்படித் தூக்கினால் சுண்டுவிரல் நாப்புக்கு எட்டாது.

சரி, வளையலைக் கட்டிப்போடலாம் என்று ஒரு கிரேப் பேண்டேஜை எடுத்து முழங்கைக்குக் கீழே சுற்றினேன். இறுக்கும்போது உள்ளே டிக் என்றது. ஒன்று உடைந்துவிட்டது.

இதைச் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் எனக்கு ஒரு குழந்தை ஐந்தாம் மாசத்தில் கலைந்துபோனது. யார் மேலும் தப்பில்லை, காரணம் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னார். நான் இன்ஜினியரிங் படித்தவள். கண்ணாடிக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். அந்த டிக் சத்தம் கேட்டதும் அந்த வாதமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கிடாரைத் தரையில் போட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். குழந்தை அசையவில்லை. ஜில்லென்று தண்ணீர் குடித்தேன். அசையவில்லை. கடவுளே, கிடாரே வேண்டாம், எதுவும் வேண்டாம் என்று வாய்விட்டு அழுதேன். இருபது நிமிஷம் கழித்து விலாவில் ஒரு உதை விட்டது. அப்போதும் அழுகை நிற்கவில்லை.

அத்தை, அதாவது என் மாமியார், ஓடிவந்து பார்த்தார். வெள்ளானூர் ஃப்ளாட்டில் எங்களோடுதான் இருக்கிறார். உடைந்த துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, ஒற்றைப்படையாக இருக்கட்டுமென்று தன் கையிலிருந்த கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றி எனக்குப் போட்டார். திரும்பப் பதினொன்று ஆனது.

"அதுவா உடைஞ்சா ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். அப்புறம் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "வேணும்னா அன்னிக்கு ஒரு மணி நேரம் கழட்டி சாமி படத்துக்கு முன்னால வெச்சுட்டுப் போயேன். யார் என்ன சொல்லப் போறா? நானே சொல்றேன்ல" என்றார்.

அவ்வளவு நாளும் நான் மனசுக்குள் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அவருக்காகத்தான் போட்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரே கழற்றச் சொல்கிறார். ஒரு உதறு உதறினால் எல்லாம் விழுந்துவிடும். அவர் என் கையைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "தொடாதீங்க அத்தை" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவர் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "நீ தட்டு, நான் பக்கத்துல உட்கார்ந்து அந்த நாப்பைத் திருப்பறேன்." அவருக்குத் தாளம் என்றால் பஸ் டயர் பஞ்சர் ஆகிற சத்தம் மாதிரி. ஆனாலும் விடாமல் பத்து நாள் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி எண்ணித் திருப்பினார். எந்த நாப் என்று குழம்பிக்கொண்டே இருந்ததால், அத்தை தன் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து வால்யூம் நாப்பின் தலையில் ஒட்டினார். "இப்ப லட்சணமா இருக்கு" என்று திருஷ்டி வேறு கழித்தார். கடைசி இரண்டு நாள் நிஜமாகவே நன்றாக வந்தது. என் சுரம் வீட்டுக்காரர் விரலில் திறந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

விழா குமணன்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் நாற்காலியில் நான், பக்கத்தில் ஸ்டூலில் என் வீட்டுக்காரர், கீழே ஆபீஸே உட்கார்ந்திருக்கிறது. டிரம்மர் குச்சியைத் தட்டி எண்ணினான். அந்த நொடி பார்த்து லைட்டுக்காரர் மேடை முழுக்கச் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டார், மெதுவான பாட்டு என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

நான் தட்டினேன். சத்தம் இல்லை. பக்கத்தில் பார்த்தால், அவர் நடு நாப்பைப் பிடித்துப் பயபக்தியாகத் திருப்பிக்கொண்டிருக்கிறார். வெள்ளை நாப், சிவப்புப் பொட்டு, எல்லாம் ஒரே சிவப்பு. மூன்றில் எதிலும் பொட்டையே காணோம்.

"அது இல்ல, மேல, மேல!" என்றேன். பேஸ் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பதறிப்போய் மூன்றாவதைத் திருப்பினார். இரண்டாவது வரி போனது. நானே கையை நீட்டினேன். பதினொன்றும் சரிந்து கம்பிமேல் விழுந்தது. எப்படியோ நாப் திரும்பிவிட்டது போலிருக்கிறது, மண்டபம் முழுக்கக் கிரீச் என்றது. முன் வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

கையை உதறியிருக்கலாம். மேடையிலேயே ஒரு உதறு. யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள், அத்தை உட்பட. எனக்கு அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் செய்தது வேறு. எங்கே நாற்காலிக் கைப்பிடியில் பட்டு உடைந்துவிடுமோ என்று இடது கையால் வலது கை வளையல்களை மொத்தமாகப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் கீபோர்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது வரியிலிருந்து, ஒரு பிசிறில்லாமல், கிடார் சத்தத்தில். நான் என் கையை நானே பிடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டல் பலமாக இருந்தது.

மகள் பிறந்து பத்து மாசம் ஆகிறது. நல்லபடியாகப் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையை நீட்டச் சொல்லி, ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கவரில் போட்டு அத்தையிடம் கொடுத்தார்.

போன வாரம் டிரம்மர் கூப்பிட்டான். இந்த வருஷ விழாவுக்கும் அதே பாட்டாம், ஆரம்பத்தை நான்தான் வாசிக்கணுமாம். குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு அண்ணனூர் போனேன். அதே தகரக் கூரை, அதே நாற்காலி. வயிறு இல்லை, கை வெறுமை, நாப்பில் பொட்டுகூட அப்படியே இருந்தது. கம்பியைத் தட்டினேன். சுண்டுவிரல் நாப்புக்குப் போகவில்லை. மணிக்கட்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

இறக்கினேன். அடுத்த சுரத்துக்கு அது தானாக மேலே போனது. மறுபடி இறக்கினேன், மறுபடி போனது. சனியனே இறங்கித் தொலை என்று வாய்விட்டே திட்டினேன். எட்டு வரியில் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை.

டிரம்மர் குச்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "யக்கா, அதான் கையில ஒண்ணுமே இல்லியே. இன்னாத்துக்கு இன்னும் தூக்கிக்கினு வாசிக்கிற?"

கையைப் பார்த்தேன். இன்னும் மேலேதான் இருந்தது. கீபோர்டுக்காரர் கீபோர்டில் கை வைக்காமல் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார், பாவம், போன வருஷம் நான் பேசிய பேச்சு அப்படி.

"நீங்களே வாசிங்க" என்றேன்.