வெர்லாவின் விரலும் டயல் கேஜின் முள்ளும்

புதன்கிழமை சாயங்காலம் கோரி ஹூக்ஸ்ட்ரா தன் எஞ்சினை எடுத்துப்போக வந்தான். பன்றிப் பண்ணை வைத்திருப்பவன். சனிக்கிழமையானால் மண் பாதையில் பந்தயக் கார் ஓட்டுகிறவன். வருகிற சனிக்கிழமைதான் அந்த வருஷத்தின் முதல் பந்தயம். எந்த எஞ்சினைக் கண்டாலும் அதன் அடித்தண்டான கிராங்கில் ஸ்பேனரை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது வடமேற்கு ஐயோவாவில் ஆண்களுக்கெல்லாம் கைப்பழக்கம். கோரியும் மாட்டினான், சுற்றினான். முகம் சுருங்கியது.

"என்ன வெர்லாக்கா இது? எட்டு சிலிண்டர்ல ஒண்ணுகூட கையை எதிர்க்கலியே. எண்ணெய் விட்ட காத்தாடி மாதிரி சும்மா சுத்துது."

வெர்லா டெ யோங் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அறுபத்தொரு வயது. பகலெல்லாம் ஊர்த் தானியக் கிடங்கின் எடைமேடையில் மக்காச்சோள லாரிகளை நிறுப்பாள். நாலு மணிக்கு மேல் வீட்டு கராஜில் பந்தய எஞ்சின் கட்டுவாள். பந்தயம் ஓட்டியதென்னவோ புருஷன் ஹார்லன்தான். முதுகு பிடித்துக்கொண்டதும் காரை விற்றுப் படகு வாங்கி மீன் பிடிக்கப் போய்விட்டான்; எஞ்சின் வேலை மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. "இவ்வளவு மெல்லிசான குச்சி ஏன் வளைய மாட்டேங்குது?" என்று புஷ்ராடைக் காட்டி ஹார்லனை ஒரு நாள் கேட்டாள். பதில் தேடி அவளே ஓர் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தாள். அங்கே தொடங்கியது எழுபத்திரண்டு எஞ்சின்களில் வந்து நின்றிருந்தது.

அவள் பெயர் வாங்கியது ஒரே ஒரு வேலைக்கு. சுழலும் கேம் தண்டின் மேடு தூக்க, லிஃப்டர் எழும்பும். லிஃப்டர் புஷ்ராடைத் தள்ளும். புஷ்ராடு ராக்கர் என்ற நெம்புகோலைச் சாய்க்கும். ராக்கர் வால்வைத் திறக்கும். லிஃப்டருக்குள் சின்ன ஸ்பிரிங் மேல் ஒரு குமிழ் உட்கார்ந்திருக்கிறது. வால்வு முழுக்க மூடியிருக்கும்போது புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே ராக்கரின் நட்டை இறுக்க வேண்டும். இடைவெளி தீர்ந்து புஷ்ராடு லேசாக விரலைப் பிடிக்கும் இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து அரைச் சுற்று. குமிழ் கொஞ்சமாக அமுங்கி நிற்கும், அவ்வளவுதான். பூஜ்யத்தைத் தவறவிட்டால் குமிழ் அடியில் போய் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இறுக்கினால் வால்வு மூடவே மூடாது; சிலிண்டரில் காற்று அடைபடாமல் எஞ்சின் சும்மா சுற்றும். வெர்லாவின் விரலுக்குப் பூஜ்யம் தவறாது என்பது ஊர்ப் பேச்சு.

அந்த விரல்கள் ஜனவரியிலிருந்து மரத்துப்போயிருந்தன. மார்பில் வந்த கட்டிக்குக் கொடுத்த மருந்து கட்டியைக் கரைத்தது, விரல் நுனிகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தேவாலயத்தில் காணிக்கைத் தட்டில் போட வேண்டிய நாணயம் இரண்டு தடவை தரையில் உருண்டது. சட்டைப் பொத்தானைக் கண்ணாடி பார்த்துத்தான் போட்டாள். வைத்தியம் முடிந்தது என்று எல்லோருக்கும் சொன்னவள் இதை ஹார்லனிடம்கூடச் சொல்லவில்லை.

கோரி அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டான்.

"புஷ்ராடு நீளம் தப்பு. ஆர்ட் மாத்தி அனுப்பிட்டான். கண்ணாடிய நெத்தியில வெச்சுக்கிட்டு கடை பூரா கண்ணாடியத் தேடற ஆளு அவன். இருங்க, போன் போட்டு நாலு கேள்வி கேக்கறேன்."

ஆர்ட் ஃபிஸ்ஸர் உதிரிபாகக் கடைக்காரர். கோரி போனை எடுத்துவிட்டான். வெர்லா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி ஆர்ட் தலையில் போய் விழும். திறந்தால், எஞ்சின் கட்டுகிறவளுக்கு விரலில் உணர்ச்சி இல்லை என்ற செய்தி சனிக்கிழமைக்குள் நாலு ஊர் சுற்றிவிடும். அப்புறம் யார் எஞ்சின் கொண்டுவருவார்கள்?

ஆனால் புஷ்ராடு தப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். சிலிண்டர் ஹெட்டைச் சீவி மட்டம் செய்திருந்ததால் பழைய நீளம் உதவாது. போன வாரம் அவளே அளந்தாள். திருகி நீட்டக்கூடிய அளவுப் புஷ்ராடை வைத்து, வால்வின் தலையில் கறுப்பு மை பூசி, எஞ்சினை இரண்டு சுற்று சுற்றினால் ராக்கர் உரசிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழும். கோடு நடுவில், ஒல்லியாக விழும்வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அது கண்ணுக்கான வேலை. கண்ணில் அவளுக்குக் குறையில்லை.

"போனை உள்ள வை, கோரி. ராடு சரியாத்தான் இருக்கு."

"பின்ன எது தப்பு?"

"நான்தான். மருந்து ஏத்தினதுலேருந்து விரல் மரத்துப்போச்சு. அடியில முட்டற வரைக்கும் எனக்கு ஒண்ணுமே தெரியல. முட்டினதை பூஜ்யம்னு நெனச்சு மேல அரைச் சுத்து குடுத்துட்டேன். பதினாறு வால்வும் தொறந்தே நிக்குது."

கோரி போனைச் சட்டைப்பையில் போட்டான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"நான் உருட்டறேன், நீங்க நட்டை இறுக்குங்க" என்றான்.

"வேண்டாம்" என்று சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். "இரு. ஒண்ணே ஒண்ணு உருட்டு. ஒரு விஷயம் பாக்கணும்."

எடைமேடையில் லாரியின் முன்சக்கரம் ஏறும்வரை முள் அசையாது. ஏறிய கணம் அசையும். முப்பது வருஷமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாள். புஷ்ராடும் அப்படித்தானே? ராக்கர் வந்து தொடும்வரை அது சும்மா இருக்கும். தொட்ட கணம் கீழே இறங்கத் தொடங்கும். நட்டை முழுக்கத் தளர்த்திவிட்டு, புஷ்ராடில் ஒரு சின்ன வளையத்தை இறுக்கி, முள் வைத்த அளவுக் கருவியான டயல் கேஜின் நுனியை அதன்மேல் நிறுத்தினாள். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தௌ. முள் அதையும் காட்டும்.

"முள்ளைப் பாக்காத. விரலை மட்டும் கவனி. பிடிச்சதும் சொல்லு."

அவள் இறுக்கினாள். அவன் உருட்டினான். "நிறுத்துங்க. இதான் பூஜ்யம்."

முள் தான் முதலில் அசைந்த இடத்தை இருபத்திரண்டு தௌ தாண்டி நின்றது.

"கேஜ் தப்பு" என்றான் கோரி.

மறுபடி செய்தார்கள். ஒன்பது. இன்னொரு தடவை. முப்பத்தொன்று.

"மூணு தடவைக்கு மூணு பொய் சொல்லுதே உன் விரல்."

"பன்னிக்குட்டிக்கு ஊசி போடற விரல்க்கா. அதுகிட்ட போய் பூஜ்யம் கேட்டா?"

ஜனவரிக்குப் பிறகு அந்த கராஜில் அவள் சிரித்தது அன்றுதான். கூடவே ஒரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது: நன்றாக இருந்த காலத்தில் தன் விரல் எத்தனை தௌ பொய் சொல்லியிருக்கும்? எழுபத்திரண்டு எஞ்சினும் போய்விட்டன. இனி அளக்க வழியில்லை. அது அவளுக்கு வருத்தமாக இல்லை, தெரிந்துகொள்ளும் அரிப்பாக இருந்தது.

பதினாறு புஷ்ராடுக்கும் வளையத்தை மாற்றி மாற்றி, முள் முதலில் அசைந்த இடத்திலிருந்து, அரைச் சுற்றுக்கு ஈடாக முப்பத்தைந்து தௌ வைத்தாள். ஏழு மணிக்குக் கோரி மறுபடி ஸ்பேனரை மாட்டினான். கிராங்க் அவன் கையைத் திருப்பித் தள்ளியது. எஞ்சினை வண்டியில் ஏற்றினான்.

அடுத்த நாளே ஒரு பழைய எஞ்சின் கட்டையை ஸ்டாண்டில் ஏற்றி, வருகிற விரலையெல்லாம் அளக்க ஆரம்பித்தாள். சுவரில் சாக்பீஸால் பெயரும் எண்ணும். ஹார்லன் நாற்பது. "மீன் இழுத்தா மட்டும்தான் உங்க விரலுக்குத் தெரியும்" என்றாள். வெள்ளிக்கிழமை கேஸ்கெட் கொண்டுவந்த ஆர்ட் பதினாலு. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பட்டியலை மேலிருந்து படித்தார்.

"நூத்தி நாப்பதா? பேரே போடல. யாரும்மா அந்த மடையன்?"

"நான்தான் ஆர்ட்" என்றாள். காரணத்தையும் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாக்பீஸை எடுத்து அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

சனிக்கிழமை கோரி ஆறாவதாக வந்தான். எஞ்சின் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. பந்தயம் முடிந்து புழுதி அடங்கும் முன்பே, பதினேழாம் எண் காரை ஓட்டுகிற பையன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு, பாதையோரம் நின்ற வெர்லாவிடம் வந்தான்.

"வெர்லாம்மா, உங்களுக்கு விரல் மரத்துப்போச்சாமே?"

"ஆமாம்ப்பா."

"இப்ப முள்ளு வெச்சுத்தான் பாக்கறீங்களாமே?"

"ஆமாம்."

"செவ்வாய்க்கிழமை என் எஞ்சினைக் கொண்டு வரட்டுமா?"

வெர்லா அவன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"கொண்டு வா. கையை நல்லா கழுவிட்டு வா. மொதல்ல உன் விரலை அளக்கணும்."