கோசங்காரி குத்தாமல் விட்ட முகம்

கோசங்காரி என்ற பெயர் பில்நாமின் காதில் முதன்முதலாக விழுந்தது, அவள் தம்பி ஜோங்கு பதினோரு நாள் கழித்து வீடு திரும்பிய மத்தியானத்தில். திரும்பினான் என்று சொல்வதுகூடத் தப்பு. இரண்டு பேர் ஜீப்பிலிருந்து அவனை இறக்கி, வாசல் கதவுக்கு வெளியே முட்டைக்கோஸ் சருகுமேல் கிடத்திவிட்டுப் போனார்கள்.

ஜனாதிபதி ஆட்சிக்கு எதிராக மசான் துறைமுக நகரம் ஊர்வலமும் கைதுமாகக் கொந்தளித்த அக்டோபர் அது. அந்த மாதக் கடைசியில் தலைநகரத்தில் ஜனாதிபதியையே சுட்டுக் கொன்றார்கள். ஆனால் ஜோங்கு வீட்டுக்கு அது வெறும் ரேடியோச் செய்தி. அவனுடைய தாடை கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளங்கால் இரண்டும் வெந்த கிழங்கு மாதிரி தோல் வெடித்திருந்தது. வலது கை விரல்களில் நகம் என்று எதுவும் இல்லை.

காவலிலிருந்து வந்தவனுக்கு முதல் வாய் தோஃபு, அந்த வெள்ளைச் சோயாக் கட்டியை, ஊட்ட வேண்டுமே என்று அம்மா தெருமுனைக்கு ஓடினாள். அவள் ஹாமான் பக்கத்து ஆள். நாலும் பெண்ணாகப் பெற்றவள். அடுத்ததாவது கட்டாயம் ஆணாக இருக்கட்டும் என்றுதான் நாலாவது பெண்ணுக்குப் பில்நாம் என்று ஆண்பிள்ளைப் பெயரை வைத்தாள். வைத்த பெயர் பலித்தது, ஜோங்கு பிறந்தான். அப்படி வந்தவன் வாயில் அம்மா தோஃபுவைப் பிசைந்து வைக்க, அது இரத்தத்தோடு சேர்ந்து கழுத்தில் வழிந்தது.

"எங்கிட்ட ஒரு போட்டோ காட்டுனாங்கக்கா" என்றான் பில்நாமிடம். ஒவ்வொரு சொல்லுக்கும் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டான். "ஊர்வலத்துல எடுத்தது. எல்லாரு மூஞ்சியிலயும் கறுப்பா ஒரு புள்ளி. யாருன்னே தெரியல. என் மூஞ்சி மட்டும் முழுசா இருந்துச்சு. மத்தவன் பேரச் சொல்லு, சொல்லுன்னு..."

"யாருடா புள்ளி வெச்சது?"

அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு உப்புக்காரம்மாதான் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள். "வேற யாரு? கோசங்காரிதான். மீன்சந்தையில விலாங்கு உரிக்கிறாளே, ஸ்டுடியோக்காரன் இன்சுலோட அண்ணி. பிலிம்ல இருந்த மூஞ்சியெல்லாம் குத்தூசியால குத்திட்டாளாம். எம் மச்சினன் பையனக்கூடக் குத்தியிருக்கா, மகராசி. அதனாலதான் அவன் தப்பிச்சான்."

உப்புக்காரம்மா நல்லது சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டாள். பில்நாமுக்கோ ஒன்றே ஒன்றுதான் காதில் நின்றது. ஊரார் பிள்ளைகளையெல்லாம் மறைத்தவள் தன் தம்பியை மட்டும் காட்டிக் கொடுத்திருக்கிறாள். ஏன்?

எட்டாவது நாள் ஜோங்கு செத்துப்போனான். மூத்திரம் போகவில்லை, வயிறு வீங்கிவிட்டது. கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்கு மண்மேடு கிடையாது, வருஷத் திதியும் கிடையாது. எரித்துச் சாம்பலைக் கடலில் தூவினார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்த தபால்தலை அளவுப் படத்தைத் தவிர வீட்டில் அவன் முகம் என்று வேறெதுவும் இல்லை.

மறுநாள் காலை பில்நாம் மீன்சந்தைக்குப் போனாள்.

கோசங்காரி அப்போது நாற்பத்தைந்து வயது விதவை. கோசங் ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்ததால் சந்தையில் அந்தப் பெயர். ரப்பர் பூட்ஸ் போட்டு, பலகைக்கு முன்னால் குந்தியிருந்தாள். தொட்டியிலிருந்து ஒரு விலாங்கைப் பிடித்து, தலையைப் பலகையில் வைத்து, குத்தூசியை இறக்கி, கழுத்தைச் சுற்றிக் கீறி ஒரே இழுப்பு இழுத்தாள். தோல் கையோடு வந்தது. தோல் போன உடம்பு பலகையில் இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

"நீதான் கோசங்காரியா?"

"எத்தன கிலோ வேணும்?"

"நான் ஜோங்குவோட அக்கா. நூடுல்ஸ் பட்டறை ஜோங்கு. நேத்து அவன எரிச்சோம்."

கோசங்காரியின் கை நின்றது. தலையைத் தூக்கிப் பில்நாமை ஒருதரம் முழுசாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அவனுக்கு முடி கறுப்பா?"

எரிந்து சாம்பலானவனின் முடி என்ன நிறம் என்று கேட்கிறாள். பில்நாம் பலகையிலிருந்த குத்தூசியைப் பிடுங்கி, விலாங்கின்மேல் ஊன்றியிருந்த அந்தக் கைமேலேயே ஓங்கி இறக்கினாள். ஊசி புறங்கையில் நுழைந்து உள்ளங்கையில் வெளிவந்து, விலாங்கையும் துளைத்துப் பலகையில் பதிந்தது. கோசங்காரி கத்தவில்லை. கத்தியதெல்லாம் பக்கத்துக் கடை நெத்திலிக்காரிதான்.

"கொலைகாரி, விடுடி அவள. அந்த வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் ரத்தமாக் கக்கிக்கிட்டுக் கெடக்கான்."

நாலு பேர் சேர்ந்து பில்நாமின் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போய்ச் செதில் கிடக்கும் சாக்கடை ஓரத்தில் தள்ளினார்கள். ஒருத்தி பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தாள். கோசங்காரி மறு கையால் ஊசியை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். துணியைச் சுற்றிக்கொண்டு சொன்னாள். "அடிக்காதீங்கடி. அவ போகட்டும்."

ரத்தம் கக்கிக்கொண்டு கிடந்தவன் ஸ்டுடியோக்காரன் பே இன்சுல். கல்யாணப் படமும் அடையாளச் சீட்டுப் படமும் எடுத்துப் பிழைத்தவன். மீதி நேரமெல்லாம் சந்தையிலும் படகுத்துறையிலும் அலைந்து, கூடை சுமப்பவர்கள், வலை பின்னுகிறவர்கள், கஞ்சி குடிக்கிறவர்கள் என்று எடுத்தபடியே இருப்பான். கேமராப் பெட்டியைத் தூக்குமுன், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பான். இல்லை என்றால் எடுக்கமாட்டான். முதலில் வாங்கிக் கொடுப்பான், அவர்கள் சாப்பிடும்போது எடுப்பான். "கடன்காரன் மாதிரி சோத்து நேரமாப் பார்த்து வர்றான் பாரு" என்று சந்தையில் கேலி செய்வார்கள். அவன் வந்தால் எல்லாரும் நகர்ந்து இடம் விடுவார்கள்.

ஊர்வலத்தையும் அவன்தான் எடுத்தான். நாலாம் நாள் ஸ்டுடியோவுக்குள் புகுந்த போலீஸ்காரர்கள், படத்தின் ஓரம் நறுக்கும் கத்திப் பலகையில் அவன் விரலை வைத்தார்கள். பிலிம் எங்கே என்று ஒருதரம் கேட்டார்கள், ஒரு விரல் போனது. இன்னொருதரம் கேட்டார்கள், இன்னொன்றும் போனது, நெஞ்சிலும் மிதித்தார்கள். அதற்குள் அவனுடைய இருபது வருஷத்துப் பிலிம்கள் முழுக்க ஆறு பிஸ்கட் டப்பாக்களில், பிளாஸ்டிக் சுற்றி, அண்ணியின் விலாங்குத் தொட்டிக்குள் இருந்தன. சந்தைக்கும் தேடி வந்தார்கள், தொட்டியில் ஒருவன் லத்தியை விட்டுக் கலக்கிப் பார்த்தான். வழுவழுவென்று நெளிந்து ஏறியதைப் பார்த்ததும் உதறிவிட்டான். போகிற போக்கில் பலகையை எட்டி உதைத்தான். அது குப்புறக் கவிழ்ந்தது. அடிப்பக்கத்தில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, எடுத்துவைக்க மறந்த ஒரே ஒரு துண்டுப் பிலிம் இருந்தது. அந்தத் துண்டில் ஜோங்கு இருந்தான்.

இன்சுல் வசந்தம் வருமுன் செத்தான்.

இதெல்லாம் பில்நாமுக்கு அரையும் குறையுமாக வந்து சேர்ந்தது. கூடவே வேறு பேச்சும் வந்தது. கொழுந்தன் உயிரையாவது விடுங்கள் என்று கோசங்காரிதான் அந்தத் துண்டை எடுத்து நீட்டினாள் என்றார்கள். பில்நாம் அதையே பிடித்துக்கொண்டாள். படகு மெக்கானிக் ஒருவனைக் கட்டினாள், மூன்று பிள்ளை பெற்றாள், முப்பது வருஷம் மீன்சந்தையின் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. அம்மா சாகும்போதுகூட, "அவ ஏண்டி எம் பிள்ளைய மட்டும் விட்டா?" என்றுதான் கேட்டுக்கொண்டு செத்தாள்.

அந்த முப்பதாம் வருஷம் கருவாட்டுக்கடைகளின் மேல்மாடிக் கூடத்தில் இன்சுலின் படங்களை மாட்டினார்கள். சந்தைக்காரர்கள் சேர்ந்து செய்தது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊர்வலப் படமும் இருக்கிறது என்று உப்புக்காரம்மாவின் மகள் வந்து சொன்னாள். தம்பியைக் கொன்ற படத்தை வேடிக்கைக்கு மாட்டுவதா என்று பில்நாம் முள்ளங்கிப் பையில் மீன் வெட்டும் கத்தியைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கூடம் நிறைய ஆட்கள். டப்பாவில் தப்பிய பிலிமிலிருந்து போட்ட ஊர்வலப் படம் ஒரு சுவரையே அடைத்திருந்தது. அதன் பக்கத்தில் கூன் விழுந்த ஒரு கிழவி கம்பு வைத்துப் புள்ளி புள்ளியாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது ஐஸ்வண்டி மன்சிக். இவனோட சின்ன மாமியாரத்தான் நெத்திலிக்காரி தம்பிக்குக் கட்டுனது. இது தையல்கடை ஓக்புன்னோட ரெண்டாவது. இவன் வாய் எப்பவும் தெறந்தேதான் இருக்கும், குத்துறதுக்கு லேசா இருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. நடுவயசு ஆள் ஒருவர் முன்னால் வந்து ஒரு புள்ளிமேல் விரலை வைத்து, "இது நானா பாட்டி?" என்றார். "நீதாண்டா. காது ரெண்டும் அப்பிடியே சட்டிப் பிடி மாதிரி இருக்கே" என்றாள் கிழவி. அவர் விரலை எடுக்கவே இல்லை.

பில்நாம் தேடினாள். புள்ளி வைத்த முகம் நாற்பதுக்கு மேல். புள்ளி இல்லாமல் மூன்றே பேர், மூன்றும் தலை நரைத்த கிழவர்கள். மேலே எரிந்த குழல் விளக்கு கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஜோங்கு எங்குமே இல்லை.

"எங்கடி அவன்? இங்கயும் வெட்டி எடுத்துட்டியா?"

கிழவி திரும்பினாள். வலது புறங்கையில் காசு அளவுக்குப் பள்ளமாக ஒரு தழும்பு. அந்தக் கையால்தான் கம்பைப் பிடித்திருந்தாள். "வந்துட்டியா" என்றாள். "ஒனக்கு முன்னாலதான் நிக்கிறான்."

கேலி செய்கிறாள் என்றே பில்நாம் நினைத்தாள். கத்தியை எடுத்துப் படத்தின்மேல் ஓங்கி இறக்கினாள். கண்ணாடி மேலிருந்து கீழ்வரை சிதறி இருவர் மேலும் விழுந்தது. கிழவியின் கன்னம் கிழிந்தது, பில்நாமின் முழங்கையில் ஒரு துண்டு செருகி நின்றது. யாரோ அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். அவள் இன்னொரு தரம் ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

கண்ணாடி போனதும் கூசலும் போயிருந்தது. மூன்றாவது கிழவனின் இடது காதில் மேல்நுனி இல்லை. ஆறு வயதில் நாய் கடித்துப் பிய்த்த காது. அந்தக் காயத்தில் சாம்பல் வைத்துக் கட்டியவள் பில்நாம்தான்.

"அது மாவு" என்றாள் கிழவி. கன்னத்து ரத்தம் தாடையில் சொட்டியது, துடைக்கவில்லை. "பட்டறையிலருந்து நேரா வந்திருக்கான். தலையெல்லாம் கோதுமை மாவு. எனக்கு அது தெரியாது. எங்கிட்ட இருந்தது பிலிம்தானே. எரிச்சிடுங்க அண்ணின்னுதான் இன்சுல் சொன்னான். எரிச்சா நீ இத்தன வருஷம் அலைஞ்சதுக்கு என்ன அர்த்தம்னு நாந்தான் மறுத்தேன். அப்பதான் சொல்லிக் கொடுத்தான். பிலிம்ல எல்லாமே மாறித் தெரியும், கறுப்பு முடி வெள்ளையா இருக்கும், நரைச்ச முடி கறுப்பா இருக்கும். கிழவங்கள மட்டும் விட்டுடுங்க, அவங்கள யாரும் தேட மாட்டாங்க, நல்ல மூஞ்சிங்கன்னான். இவன் தலை பிலிம்ல கறுப்பா இருந்துச்சு. கிழவன்னு விட்டுட்டேன்."

கிழவி கம்பால் அந்தத் தலையைத் தொட்டாள்.

"வர்றவங்க எல்லார்கிட்டயும் இதச் சொல்லிட்டேன். ஒங்கிட்டதான் சொல்ல முடியல. அன்னிக்குக் கேட்டேன், நீ பதில் சொல்லல. அவனுக்கு முடி கறுப்பா?"

பில்நாம் கத்தியைக் கீழே போட்டாள். தன் கண்ணுமே ஒரு நிமிஷம் முன்னால் அவனைக் கிழவன் என்றுதான் தாண்டிப் போயிருந்தது.

"கறுப்புதான்" என்றாள். "அடுப்புக் கரி மாதிரி. எண்ணெய் வெச்சா வழியும்."

கிழவி தலையை ஆட்டிக்கொண்டே அப்படியே கண்ணாடித் துண்டுகள்மேல் உட்கார்ந்தாள். பில்நாம் அவள் கன்னத்தில் தன் கழுத்துத் துண்டை வைத்து அழுத்திப் பிடித்தாள். தன் முழங்கையில் கண்ணாடி செருகியிருப்பதை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தாள்.

அந்தப் படத்துக்கு மறுபடி கண்ணாடி போடவில்லை. சனிக்கிழமைகளில் பில்நாம் போவாள். கிழவி சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் நாற்பத்திரண்டு புள்ளியும் இன்னார் மகன், இன்னார் மருமகன் என்று மனப்பாடமாகிவிட்டது. மூன்றாவது கிழவன் வரும்போது மட்டும் கிழவி கம்பை அவள் கையில் கொடுத்துவிடுவாள். கூடத்து வாசலில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தபோதுதான் கோசங்காரிக்கு ஓ ஜொம்னே என்று ஒரு பெயர் இருப்பதே பில்நாமுக்குத் தெரிந்தது.

இப்போது கம்பு பில்நாமிடம்தான் இருக்கிறது. ஓ ஜொம்னேவுக்குத் தொண்ணூற்றொரு வயது. மீன்சந்தைக்குப் பின்னால், பழைய ஐஸ் பட்டறை இருந்த இடத்தில் கட்டியிருக்கும் முதியோர் இல்லத்தில், மூன்றாம் மாடியில், கதவை ஒட்டிய கட்டிலில் இருக்கிறாள்.